உன் தைரியத்துக்கு அவர்கள் வைத்த பெயர்

என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே ஏரிச் சேற்றில் இறால் தடவிய என் அஞ்சலை அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. துக்கம் கொஞ்சம் அடங்கட்டும், பிறகு நிதானமாக எழுதலாம் என்று இருந்தேன். நிதானம் வரவில்லை அக்கா, கோபம்தான் வந்திருக்கிறது. அந்தக் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

உனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் என்ன? நம் குப்பத்தில் வலை காயப்போடும் மேட்டில் நின்று, எல்லோரும் கேட்கும்படி நானே இதைப் படிக்கப்போகிறேன். உன்னைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசியவர்களும் கேட்கட்டும். என்னைப் பற்றி அவர்களுக்குத் தெரியாத ஒன்றும் இதில் வருகிறது. அதையும் கேட்கட்டும்.

போன வாரம் ஒல்லாந்தர் கோட்டையில் ஒரு விருந்து. எதற்குத் தெரியுமா? முகத்துவாரத்தில் ஒரு படகு கவிழ்ந்து, கோட்டைத் தலைவருக்குக் கப்பலில் வந்த சாராயப் பெட்டி அலையில் போய்விட்டது. ஒல்லாந்துச் சிப்பாய் ஒருவன் குதித்து, நீந்திப் பிடித்து இழுத்துவந்தான். ஆள் யாரும் தண்ணீரில் தத்தளிக்கவில்லை. பெட்டிதான். அதற்கு ஒரு பீரங்கி வெடித்தார்கள். அவனைத் தலைவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எழுத்தர் பெரிய புத்தகத்தை விரித்து, அவன் பேருக்கு நேரே 'கூன்' என்று எழுதினார்.

அவர்கள் பாஷையில் கூன் என்றால் துணிந்தவன், பயம் அறியாதவன். நான் கோட்டையில் துபாஷியாகச் சேர்ந்த புதிதில், அவர்கள் பேச்சை நம்மவர்க்கும் நம்மவர் பேச்சை அவர்களுக்கும் சொல்லப் பழகிக்கொண்டிருந்த நாளில், இந்தச் சொல்லை உன்னிடம் சொன்னேன். "இன்னாடா இது, தைரியசாலிக்குப் போயி முதுகு வளஞ்சவன்னு பேரு வச்சிருக்கானுங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தாயே!

விருந்தில் நானும் சுவரோரமாக நின்றிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே புத்தகத்தில் பல தாள்களுக்கு முன்னால் உன் பேரும் இருக்கிறது. நீயும் அதே தண்ணீரில்தான் இறங்கினாய். உன் பேருக்கு நேரே இருப்பது வேறு சொல்.

மழை இரண்டு வருஷம் பொய்த்த அந்தப் பஞ்சத்தை இங்கே யார் மறந்திருப்பார்கள்? உள்நாட்டிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஏரிக்கரைக்கு வந்தார்கள். சோறு தருகிறோம் என்று தரகர்கள் அவர்களைக் கூட்டிப்போய்க் கிடங்கில் அடைத்தார்கள். கப்பல் வந்ததும் கிழக்குச் சீமைக்கு அடிமைகளாக ஏற்றிவிடுவார்கள். ஆனால் கோட்டையில் ஒரு சட்டம் உண்டு. சம்மதித்தவர்களைத்தான் ஏற்றலாம். ஒவ்வொருவரையும் மேசைக்கு முன்னால் நிறுத்தி, சம்மதமா என்று கேட்டாக வேண்டும். கேட்கிற வாய் என்னுடையது.

பசியில் பாதிப்பேர் எதைக் கேட்டாலும் தலையாட்டினார்கள். ஆட்டாதவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த நாட்களில் ஒருநாள் காலை நீயும் குப்பத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் கோட்டைக் கால்வாயில் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தீர்கள். இறால் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டு. கப்பலுக்குப் போகிற படகு வந்தது. அதில் பதினோரு பேர், கையில் கயிறு கட்டி. ஒருத்தி உன்னைப் பார்த்து, "அஞ்சலக்கா!" என்று அலறினாள்.

சுண்ணாம்புக்குளத்து நாகம்மா. முந்தின வாரம்வரை உன்னோடு இறால் தடவியவள். பஞ்சத்தில் வந்தவள்கூட இல்லை. பொன்னேரிச் சந்தைக்குப் போன வழியில் தரகன் ஆட்கள் மடக்கிப் பிடித்துவிட்டார்கள்.

நீ பறியைத் துப்பினாய். நேரே போய்ப் படகின் முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாய். காவலன் துடுப்பால் உன் தோளில் அடித்தான். நீ விடவில்லை. அதைப் பார்த்துவிட்டு மற்றப் பெண்களும் வந்து படகைச் சுற்றிக்கொண்டார்கள். இடுப்பில் செருகியிருந்த கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்து, நாகம்மாவை இழுத்துத் தண்ணீரில் தள்ளினாய். காவலர்கள் மூன்று பேரும் உன்மேல் விழுந்து அமுக்குகிற நேரத்தில், பெண்கள் அவளை அலையாத்திப் புதருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அவள் தப்பினாள். நீ அகப்பட்டுக்கொண்டாய்.

நான் கரையில் நின்றிருந்தேன். என் கால்கூட நனையவில்லை.

விசாரணையில் மேசைக்கு அந்தப்பக்கம் தலைவரும் எழுத்தரும். இந்தப்பக்கம் ஈரப்புடவையோடு நீ. நடுவில் நான். நீ அறுத்த கயிறு சாட்சியாக மேசைமேல் கிடந்தது. தலைவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னா கேக்குறான்?" என்றாய்.

"ஏன் படகத் தடுத்தேனு கேக்குறாருக்கா."

"இத்த ஒரு கேள்வினு கேக்குறானா? சம்மதிச்சு வர்றவளுக்கு இன்னாத்துக்குடா கயிறு? அவன் பொண்ண இந்த மாதிரி கட்டி ஏத்தினா, கரையில நின்னு வேடிக்க பாத்துனு இருப்பானா? கேளு. நான் சொன்னத அப்படியே கேளு."

நான் அப்படியே கேட்கவில்லை அக்கா. அவர் முகத்தைப் பார்த்தேன், வாசலில் நின்ற பிரம்புக்காரனைப் பார்த்தேன். "தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்கிறாள்" என்று சொன்னேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். என்னைக் காப்பாற்றிக்கொண்டேன் என்பதுதான் நிஜம்.

தலைவருக்குத் திருப்தி. அப்படியானால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கட்டும் என்றார்.

"மண்டி போடச் சொல்றாருக்கா."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "நான் சொன்னதுக்கு எதுக்கு மண்டி போடணும்? நீ இன்னா சொன்ன அவன்கிட்ட?"

நான் மேசைமேல் கிடந்த கயிற்றைப் பார்த்தேன். உனக்குப் புரிந்துவிட்டது. மேசையிலிருந்த கயிற்றை எடுத்தாய். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு உன் மணிக்கட்டிலேயே சுற்றி இறுக்கிக் கட்டினாய். கையைத் தலைவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாய். யாரும் பாஷை பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருக்கு முகம் சிவந்துபோயிற்று.

எழுத்தர் மை தொட்டு எழுதினார். 'ஸ்டவுட்.'

அந்தச் சொல் எனக்குத் தெரியும். மதில் ஏறிச் சண்டை போட்ட சிப்பாயைப் பற்றிச் சொன்னால் அது புகழ்ச்சி. எதிர்த்துப் பேசுகிற வேலைக்காரியைப் பற்றிச் சொன்னால் திமிர் பிடித்தவள், அடக்க வேண்டியவள். எந்த அர்த்தத்தில் எழுதினார் என்பதைக் கோட்டை வாசல் கம்பத்தில் உன்னைக் கட்டிப் பிரம்பால் அடித்தபோது தெரிந்துகொண்டேன். உனக்கும் உன் வீட்டாருக்கும் இனி அந்தக் கால்வாயில் இறங்க உத்தரவில்லை என்றும் எழுதினார்கள். ஊரிலேயே இறால் அதிகம் விழுகிற இடம் அது.

கோட்டைக்காரர்களை மட்டும் சொல்லி என்ன? முதுகில் வேப்பிலை அரைத்துப் போட்டுக்கொண்டு நீ குப்புறப் படுத்திருந்தபோது நம் நைனா என்ன சொன்னார்? "பொம்பளைக்கு இத்தினி திமிர் ஆவாது." அதே நைனாதான், சித்தப்பா சுங்கக்காரனை ஒருமுறை அறைந்ததைச் சாகும்வரைக்கும் வீரம் வீரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். குப்பத்தில் உன்னை அடங்காதவள் என்றார்கள். வாயாடி என்றார்கள். பறியைத் துப்பிவிட்டு நீ ஒரு வார்த்தைகூடப் பேசாமல்தானே படகைப் பிடித்தாய்? அதில் வாயாட எங்கே இடம் இருந்தது?

கோட்டையில் ஓர் இங்கிலீசுக்காரப் பீரங்கிக்காரன் இருக்கிறான். இங்கிலீசுக்காரர்கள் கொஞ்ச காலம் இங்கே ஒல்லாந்தரோடு பங்காளியாக இருந்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு போனார்களே, அப்போது போகாமல் தங்கிவிட்டவன். அவன் அப்பா சந்தைகளில் பழங்கதைப் பாட்டுப் பாடுகிறவராம். உன்னை அடித்த அன்று சாயங்காலம் நான் மதில்மேல் உட்கார்ந்திருந்தேன். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பேசினது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த பறங்கிப் பாஷையில், போர்த்துகீசியர் பேச்சில். எனக்கு ஞாபகம் இருக்கிறபடி நம் பேச்சில் சொல்கிறேன்.

"உன் அக்கா பேருக்கு நேரே இன்னா எழுதினானுங்க?"

"ஸ்டவுட்."

அவன் தரையில் துப்பினான். "எங்க பாஷையிலயும் அதே சொல்லு கீது. எங்கப்பன் பாடுற கதையில ராஜாவோட பெரிய வீரனுங்களத்தான் ஸ்டவுட்னு சொல்லுவாங்க. அதே கதையில ஒரு குடியானவன் துரையப் பாத்து நிமிந்து நின்னா, அவனும் ஸ்டவுட்தான். ஆனா பாடுற தொண்டை மாறிப்பூடும். அங்க அது கொழுப்பு."

"அப்போ சொல்லு ஒண்ணுதானா?"

"சொல்லு ஒண்ணுதான். ஆளுதான் வேற." அவனுக்குப் பேச்சு பிடித்துக்கொண்டது. "இவனுங்களுக்குக் கூன். எங்களுக்குக் கீன். ஒரே வயித்துல பொறந்த சொல்லு. எங்க பழங்கதையில கீன்னா போருக்கு அஞ்சாதவன். இப்போ கத்தி கூரா இருந்தா கீன். மூடின்னு ஒரு சொல்லு. அந்தக் காலத்துல நெஞ்சு நெறைய தைரியம் உள்ளவன். இன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வச்சினு மூலையில குந்தினு இருக்கறவன மூடின்றாங்க. போல்ட்னு இன்னொண்ணு. ஆம்பளயச் சொன்னா தைரியசாலி. எங்கம்மாவ ஊருல போல்ட்னுதான் சொன்னாங்க. வெக்கங்கெட்டவனு அர்த்தம். எங்கப்பன் அடிச்சப்போ அவ திருப்பி அடிச்சா."

அதைச் சொல்லிவிட்டு அவன் எழுந்து போய்விட்டான். அவர்கள் நாட்டில் எத்தனையோ நூறு வருஷமாக இந்தச் சொற்களை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை காலமும் யாரோ ஒருவன் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, இது உனக்குப் புகழ்ச்சி, இது உனக்கு வசவு என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம்? புலவர்கள் பாட்டில் மறம் என்றால் வீரம். அதே மறம் என்றால் பாவம் என்றும் அர்த்தம் சொல்கிறார்கள். எப்போது எது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் அக்கா? இறால் தடவுகிறவளை எவனாவது ஒருநாள் கேட்டிருக்கிறானா?

நீ என்னவோ எந்தச் சொல்லையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காயம் ஆறின பிறகு ஒருநாள் மட்டும் என்னிடம் சொன்னாய். "பதினோரு பேரு இருந்தாங்கடா எல்லப்பா. ஒருத்தியத்தான் எறக்க முடிஞ்சுது." அப்புறம் முழங்காலைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னைத் தைரியசாலி என்று சொல்ல நான் வாயெடுத்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை.

தலையாட்டாதவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அதை இப்போது சொல்கிறேன். உன் காரியத்தன்று நாகம்மா வந்திருந்தாள். இரண்டு பிள்ளைகளோடு சுண்ணாம்புக்குளத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். எல்லாம் முடிந்து நான் தனியாக நின்றபோது பக்கத்தில் வந்தாள்.

"அண்ணா, அன்னிக்கு மேசைக்கு முன்னால நிக்க வச்சு சம்மதமானு நீ கேட்டியே, மாட்டேன்னுதான் சொன்னேன். உனக்குக் காதுல விழலியோன்னு இத்தினி வருசமா நெனச்சினு கீறேன்."

காதில் விழுந்தது அக்கா. நன்றாக விழுந்தது. தரகன் என் பக்கத்தில் நின்றிருந்தான். நான் தலைவரைப் பார்த்து, "சம்மதம் என்கிறாள்" என்று சொன்னேன். அவளுக்கு மட்டுமா சொன்னேன்? மாட்டேன் என்றவர்கள் எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நீ அறுத்த கயிற்றைக் கட்டியதில் என் கையும் உண்டு. இது உனக்குத் தெரியுமா? நாகம்மா உன்னிடம் எப்போதோ சொல்லியிருப்பாளே. தெரிந்துமா கடைசிவரைக்கும் எனக்கு இறால் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாய்?

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த விருந்தில் நின்றேன். கூன் என்று எழுதிய மை காய்வதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் உன் மகள் செல்லியைக் கூட்டிக்கொண்டு தலைவர் முன்னால் போனேன். கால்வாயில் இறால் தடவ அவளுக்கு உத்தரவு வேண்டும் என்று கேட்டேன். எழுத்தர் தாளைப் புரட்டி உன் பேரைக் கண்டுபிடித்து வாசித்தார். "ஸ்டவுட். அவள் வீட்டாருக்கு உத்தரவில்லை."

"அந்த விசாரணையில் நான் தப்பாகச் சொன்னேன்" என்றேன். "அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு." பிறகு நீ சொன்னதை, நீ சொன்ன வரிசையிலேயே, ஒரு சொல் குறைக்காமல் அவர்கள் பாஷையில் சொன்னேன். சம்மதித்து வருகிறவளுக்கு எதற்குக் கயிறு என்று கேட்டேன். உங்கள் மகளைக் கட்டி ஏற்றினால் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பீர்களா என்று கேட்டேன். சொல்லி முடித்தேன். நாகம்மா மாட்டேன் என்றதையும், நான் சம்மதம் என்றதையும் சொன்னேன்.

தலைவர் மேசைமேல் முன்னால் சாய்ந்தார். "இத்தனை வருஷமாக இந்த மேசையில் பொய் சொன்னாயா?" என்றார்.

"ஆமாம். உங்களுக்கு வசதியான பொய். அதனால்தான் நீங்கள் ஒருதடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை."

எழுத்தர் மை தொட்டார். என்ன எழுதப்போகிறார் என்று எனக்குத் தெரியும். எட்டிப் பார்க்கவில்லை. வேலை போயிற்று. மதிலோரம் கொடுத்திருந்த வீட்டை அன்றைக்கே காலி செய்யச் சொன்னார்கள். உன் பேருக்கு நேரே இருக்கிற சொல்லை அடிக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. செல்லிக்கு உத்தரவும் கிடைக்கவில்லை.

வெளியே வந்ததும், "தப்பு பண்ணிட்டேனா செல்லி?" என்று கேட்டேன்.

"நீ பேசனப்போ உங்கையி நடுங்குச்சு மாமா. அம்மா கையி அன்னிக்கு நடுங்குச்சா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். கயிற்றைக் கட்டிக்கொண்டு நீட்டினாயே, அந்தக் கை நடுங்கத்தான் செய்தது. "நடுங்குச்சு" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

உனக்கு ஒரு நல்ல சேதியும் வைத்திருக்கிறேன். அடுத்த நாள் காலை செல்லி உத்தரவு இல்லாமலே கால்வாயில் இறங்கினாள். அவளோடு பதினைந்து பெண்கள். உன்னை வாயாடி என்றவளும் அதில் ஒருத்தி. காவலர்கள் கரையிலிருந்து கத்தினார்கள். "இன்னாமோ சொல்றான், ஒண்ணும் புரியலியே!" என்று சொல்லிவிட்டு இவர்கள் பாட்டுக்குத் தடவிக்கொண்டிருந்தார்கள். எடுத்துச் சொல்லக் கோட்டையில் இப்போது துபாஷி கிடையாது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். காவலன் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டான். எனக்கும் புரியாத மாதிரி நின்றேன். நீ போன பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் கடலில் மறுபடி ஒரு கப்பல் வந்து நிற்கிறது. கிடங்கில் முப்பது பேருக்குமேல் அடைத்திருக்கிறார்கள். பாதிப்பேர் தெலுங்குக்காரர்கள். மசூலிப்பட்டணத்திலிருந்து புதுத் துபாஷி வருகிறானாம். அவன் எப்படிப்பட்டவனோ தெரியாது. என்னைப்போல இருந்துவிட்டால்?

அதனால் அவனை நம்பப்போவதில்லை. கிடங்கின் பின்சுவரில் காற்றுக்கு ஒரு சின்னப் பொந்து இருக்கிறது. நேற்று அங்கே போனேன். இன்றும் போகிறேன். உங்களை மேசைக்கு முன்னால் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார்கள், துபாஷியிடம் பதில் சொல்லாதீர்கள், நேரே துரை முகத்தைப் பார்த்து அவன் பாஷையிலேயே சொல்லுங்கள் என்று ஒரு சொல்லைக் கற்றுக்கொடுக்கிறேன். முடியாது, மாட்டேன் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல். 'நேன்.'

தெலுங்குக்காரர்கள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். தெலுங்கில் 'நேனு' என்றால் நான். அதைச் சொல்ல வாயெடுத்தாலே இது வந்துவிடுகிறது. நேற்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. முதலில் மெல்ல. பிறகு கொஞ்சம் பலமாக. பிறகு சுவர் அதிரும்படி.

என்னைப் பிடித்து அடித்தால் அடிக்கட்டும். கப்பல் போகும்வரை தினமும் அந்தப் பொந்துக்குப் போவேன். அடுத்த கப்பலுக்கும் போவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப் பிறந்தவன், இப்போதுதான் உன் தம்பியாகிக்கொண்டிருக்கிற
எல்லப்பன்